நம் கைக்கு விலை வைப்பது யார்?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்த மாதர் கூட்டத்தில், துணிப் பொம்மை தைத்து விற்கும் ஓர் அம்மையார் ஆற்றிய சொற்பொழிவு. ரப்பர்த் தோட்டங்களில் உள்ள அன்பர்களுக்கும் பயன்படும் என்று கருதி முழுமையாக வெளியிடுகிறோம்.)

 

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஊசி பிடித்துப் பழகிய கை ஒலிபெருக்கியைப் பிடிக்கும்போது நடுங்கத்தான் செய்கிறது. ஆனாலும் இந்தக் குளிரில், பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நீங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வந்த காரணத்தையும் நான் அறிவேன். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் கீழே பட்டணத்திலிருந்து ஒரு வியாபாரி நம் லயங்களுக்கு வந்து போனார். "வெட்டிய துணி தருகிறேன், பஞ்சு தருகிறேன், வீட்டிலிருந்தபடியே பொம்மை தைத்துக் கொடுங்கள், பொம்மை ஒன்றுக்கு 4 வெள்ளி தருகிறேன்" என்று பதினைந்து வீடுகளில் சொல்லியிருக்கிறார். கொழுந்துக் கூடையோடு கொழுத்திக் கொள்ளும் ஒரு பெண் பொம்மையை மாதிரிக்கும் காட்டியிருக்கிறார். சில வீடுகளில் சரி என்றார்கள். சில வீடுகளில் "யூனியன் என்ன சொல்கிறது என்று கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இன்றைய கூட்டம்.

அவர் கெட்டவர் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. வியாபாரி வியாபாரம் பேசினார். நாம்தான் நம் கணக்கைப் பேச வேண்டும். அந்தக் கணக்கைப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஏனென்றால் இந்தத் தொழிலில் ஏமாந்தவள் நான். தவறு செய்தவளும் நான். இப்போது நாலு காசு பார்க்கிறவளும் நானே.

என் முதல் பொம்மை

நான் பிறந்தது இந்த மலையில் அல்ல. கீழே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். என் தாயார் பால் வெட்டுக்குப் போனவர். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். நான் ஆயக்கொட்டகையில் கிடப்பேன். ஒரு நாள் நான் விடாமல் அழுததைக் கண்டு, கிழிந்த கைலித் துணியில் ஒரு பொம்மை தைத்துக் கொடுத்தார். தோட்டத்து இலவ மரத்தில் வெடித்து விழுந்த பஞ்சை உள்ளே அடைத்தார். கறுப்பு நூலால் இரண்டு கண். அவ்வளவுதான். அந்தப் பொம்மையில் ஒட்டுப்பால் வாடை அடிக்கும். மற்றவர்களுக்கு அது நாற்றம். எனக்கு அது அம்மா வேலைக்குப் போயிருக்கிறார், திரும்பி வருவார் என்பதற்கு அடையாளம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பொம்மை என்பது விளையாட்டுச் சாமான்தானே என்று சில ஆண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு குழந்தை இரவு முழுதும் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கும் சாமான் வேறு எது இருக்கிறது? அதைச் செய்கிற கை, விளையாட்டுக் கை ஆகுமா?

தையலில் நான் செய்த தவறுகள்

கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த பிறகு, பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கிப் பொம்மை தைக்கத் தொடங்கினேன். ஸ்ட்ராபெரிப் பழம் போல ஒரு பொம்மை செய்தேன். சிவப்புத் துணியில் பழம். அதற்கு வெள்ளைத் துணியில் முகம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாங்கிப் போன அம்மாள் ஒருவர் அதைத் துவைத்தார். சிவப்புச் சாயம் இறங்கி, வெள்ளை முகம் இரத்தக் காயம் பட்டது போல் ஆகிவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பணத்தைக் கொடுத்துவிட்டேன். அன்று கற்ற பாடம்: துணியை வெட்டுமுன் துவைத்துக் காய வைக்க வேண்டும். சாயம் போகிறதா, துணி சுருங்குகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது தவறு, என் தாயாரைப் போலவே இலவம் பஞ்சை அடைத்தது. கீழ்நாட்டு வெயிலில் அதைக் காய வைக்கலாம். இந்த மலையில் பனியும் மழையும் ஈரமும் ஓயாது. இலவம் பஞ்சு நனைந்தால் கட்டிக் கட்டியாகிவிடும். காயத் தாமதமானால் பூசணம் பிடிக்கும். துவைத்துப் புழங்கும் பொம்மைக்கு இன்று கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சே ஏற்றது. துவைக்கலாம், சீக்கிரம் காயும்.

மூன்றாவது, கண். பளபளப்பான பொத்தானைக் கண்ணாக வைத்தால் பொம்மை உயிரோடு பார்ப்பது போல இருக்கும். ஆனால் கைக்குழந்தை அதைக் கடித்து இழுக்கும். பிய்ந்து வந்தால் தொண்டைக்குள் போகும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மையில் பொத்தானும் மணியும் வேண்டவே வேண்டாம். நூலால் கண்ணைத் தையுங்கள். அழகு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு இன்னும் சில சொல்கிறேன். வளைவான இடங்களில் தையலுக்கு வெளியே உள்ள துணியில் சிறு சிறு வெட்டுப் போட்டுவிட்டுத் திருப்பினால் சுருக்கம் விழாது. பஞ்சை அடைக்கும்போது கை, கால், மூக்கு போன்ற ஓரங்களை முதலில் ஒரு மழுங்கிய குச்சியால் அடைத்துவிட்டு, வயிற்றைக் கடைசியில் அடையுங்கள். வாயை மூடும் தையலை வெளியே தெரியாமல் நெருக்கமாகப் போடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் ஊசிக் கணக்கு. வேலை தொடங்கும்போது எத்தனை ஊசி, எத்தனை குண்டூசி என்று எண்ணுங்கள், முடிக்கும்போதும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது ஏதோ ஒரு பொம்மையின் வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு பொம்மைகூட வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது.

உழுதவன் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு நாம் கணக்கே பார்க்காமல் விட்டுவிட்டோம்! மிஞ்சவில்லை என்று தெரிந்தால்தானே, ஏன் மிஞ்சவில்லை என்று கேட்க முடியும்?

கூடை சுமந்த பெண் பொம்மை, ஒரு சாண் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கடிகாரத்தை முன்னால் வைத்துச் செய்து பார்த்தேன். வெட்ட 15 நிமிடம். இயந்திரத்தில் தைக்க 30 நிமிடம். பஞ்சு அடைக்க 20 நிமிடம். முகம், கூந்தல், மூடும் தையல் ஆகிய கைவேலைக்கு 45 நிமிடம். கூடைக்கு 10 நிமிடம். ஆக மொத்தம் 120 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரம்.

வியாபாரி வெட்டிய துணியே தருகிறார் என்றால் 15 நிமிடம் குறையும். அப்படியும் 4 வெள்ளியை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பகிர்ந்து பாருங்கள். மணிக்கு 2 வெள்ளி 30 காசுகூட வரவில்லை. அதிலும் நூல் நம்முடையது, மின்சாரம் நம்முடையது, இயந்திரத் தேய்மானம் நம்முடையது, கண்ணும் முதுகும் நம்முடையவை.

இந்நாட்டில் 2025 பிப்ரவரி மாதம் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள உத்தரவு மாதத்துக்கு 1,700 வெள்ளி என்று வகுத்தது. மணிக் கணக்கில் அது 8 வெள்ளி 17 காசு. வீட்டுத் திண்ணையில் தைக்கிறவளைத் தொழிலாளி என்று எந்தப் புத்தகத்திலும் யாரும் பதிவதில்லை. ஆகவே அந்த உத்தரவு தானாக வந்து நம் கதவைத் தட்டாது. ஆனால் அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் நமக்கு வேண்டியதில்லை. சட்டமே ஒரு மணி நேர உழைப்பின் கீழ் எல்லை இது என்று சொல்லும்போது, நம் கையை நாமே அதற்குக் கீழே ஏன் தாழ்த்த வேண்டும்?

சரி, நாமே துணி வாங்கி நாமே விற்றால் என்ன ஆகும்? துணி 3 வெள்ளி, பஞ்சு 2 வெள்ளி, நூல், அடையாளத் துண்டு, பை எல்லாம் 1 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆக 6 வெள்ளி. கடைக்கூலி, பஸ் கூலி, கெட்டுப்போகும் பொம்மைகளின் நஷ்டம் ஆகியவற்றுக்குப் பொம்மை ஒன்றின் பேரில் 3 வெள்ளி. இரண்டு மணி நேர உழைப்பு 16 வெள்ளி 34 காசு. கூட்டினால் 25 வெள்ளி 34 காசு. இதற்குக் கீழே விற்றால் நம் கூலியிலிருந்து நாம் தானம் செய்கிறோம் என்று பொருள். 20 வெள்ளிக்கு விற்றால் செலவு 9 போக 11 வெள்ளி. மணிக்கு 5 வெள்ளி 50 காசுதான் தேறும். கடைக்காரர் மூலம் விற்று, அவர் நூற்றுக்கு 30 எடுத்துக்கொண்டால், கடையில் 36 வெள்ளி 20 காசு விலை போட்டால்தான் நமக்குக் கட்டும்.

"அவ்வளவு விலைக்கு யாரம்மா வாங்குவார்கள்? இயந்திரத்தில் செய்த கரடிப் பொம்மை பாதி விலைக்குக் கிடைக்கிறதே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இயந்திரக் கரடியோடு நாம் போட்டியிட்டால் தோற்போம். ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலையை ஒற்றை ஊசி வெல்லாது. ஆனால் அந்த ஆலை, தேயிலை மலையில் கூடை சுமந்த நம் பாட்டியை அறியாது. பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்கும் கீ ஃபார்ம் கடைகளுக்கும் விடுமுறை நாட்களில் வருகிற கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். மலைக்கு வந்ததன் நினைவாக ஏதாவது ஒன்றைக் கொண்டுபோகத்தான் அவர்கள் வருகிறார்கள். எங்கும் கிடைக்கும் சாமானைக் கொடுத்தால் எங்கும் கிடைக்கும் விலையைத்தான் கொடுப்பார்கள். இங்கே மட்டும் கிடைப்பதைக் கொடுத்தால் பேச்சு மாறும்.

வேலையின் நேரத்தையும் குறைக்கலாம். ஒவ்வொன்றாகச் செய்யாமல் பத்துப் பொம்மைக்கு ஒரே சமயத்தில் வெட்டி, ஒரே சமயத்தில் தைத்தால் கை ஓட்டம் பிடிக்கும். இரண்டு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆனால், 25 வெள்ளி 34 காசு என்ற அடக்கவிலை 21 வெள்ளி 26 காசுக்கு இறங்கும். கூலியைக் குறைத்து விலையைக் குறைப்பது ஒரு வழி. வேலையைச் சீராக்கி விலையைக் குறைப்பது இன்னொரு வழி. நாம் இரண்டாவது வழியில் போவோம்.

சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அம்மையார்

உலகம் முழுதும் இன்று புகழ்பெற்ற பஞ்சுப் பொம்மைத் தொழில் எங்கே பிறந்தது தெரியுமா? ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில், மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண்மணியின் தையல் அறையில் அதன் ஒரு பெரும் கிளை பிறந்தது. அவர் 1847இல் பிறந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு கால்கள் இரண்டும் செயலிழந்தன. வலது கையிலும் வலு இல்லை. தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலது கையால் சுற்ற முடியாமல் போகவே, இயந்திரத்தையே திருப்பி வைத்து இடது கையால் சுற்றித் தைத்தார். கம்பளித் துணியில் ஆடைகள் தைத்து விற்றார். 1880ஐ ஒட்டி, குண்டூசி குத்தி வைக்க உதவும் சிறு யானை ஒன்றைத் துணியில் செய்தார். பெரியவர்கள் அதில் ஊசி குத்துவதற்கு முன்னால் குழந்தைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! 1886க்குள் அந்த யானை ஆயிரக்கணக்கில் விற்றது. பிறகு அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்ட் 1902இல் கைகால் அசையும் கரடியை உருவாக்கினார். மறு ஆண்டு லைப்சிக் கண்காட்சியில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்குச் சொல்லி வைத்தார்.

புகழ் வந்ததும் போலிகளும் வந்தன. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஒரு சிறு பொத்தானை அடித்தார்கள். காதில் பொத்தான் இருந்தால் அது எங்கள் கைவேலை; இல்லாவிட்டால் இல்லை.

சகோதரிகளே, இதில் நமக்கு இரண்டு பாடம். கை முடியாதவர் இயந்திரத்தைத் திருப்பி வைத்தார். முறை நமக்குப் பொருந்தாவிட்டால் முறையைத் திருப்பி வைக்கலாம். இரண்டாவது, தன் வேலையில் தன் அடையாளத்தை வைத்தார். வியாபாரிக்குத் தைத்துக் கொடுத்தால் நம் பொம்மை அவர் பெயரில் போகும். நாளை அவர் வேறு ஊரில் மலிவான கையைக் கண்டால், நம்மை யாருக்கும் தெரியாது. நம் பொம்மையின் முதுகில் ஒரு சிறு துணித்துண்டில் "கேமரன் மலைக் கைவேலை" என்று எழுதித் தைத்தால், வாங்குகிறவர் நம்மைத் தேடி வருவார்.

எழுதாமல் விட்ட கூலி

நம் பக்கத்துக் கதை ஒன்றும் சொல்கிறேன். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் கைத்தறி நெசவாளர்கள் ஓணத்துக்காக நெய்து வைத்த சேலைகள் சேற்றில் மூழ்கின. கறை போகவில்லை, விற்க முடியவில்லை. லட்சுமி மேனன், கோபிநாத் பாறையில் என்ற இருவர், அந்தச் சேலைகளைச் சுத்தம் செய்து, வெட்டிச் சிறு பொம்மைகளாகக் கட்டலாம் என்று வழி சொன்னார்கள். சேற்றைத் தாண்டி வந்த பிள்ளை என்ற கருத்தில் சேக்குட்டி என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய 1,300 ரூபாய் பெறும் ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய். 9,000 ரூபாய் ஆயிற்று! பணம் நெசவாளர்களுக்கே போயிற்று. மனம் குளிரும் செய்தி.

ஆனால் கணக்குப் புத்தகத்தை இன்னொரு தடவை பாருங்கள். அந்த 360 பொம்மைகளைக் கட்டிய கைகள் யாருடையவை? பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், நல்ல உள்ளம் கொண்ட தொண்டர்கள். அவர்கள் கூலி வாங்கவில்லை. ஆபத்துக் காலத்தில் அது தர்மம். நாம் கைகூப்பி வணங்க வேண்டிய தர்மம். ஆயினும் தொண்டர் கணக்கைக் காட்டி, "பார், ஒரு சேலையில் எவ்வளவு லாபம்!" என்று நம் லயத்துப் பெண்களிடம் யாராவது சொன்னால் ஏமாறக்கூடாது. அங்கே கூலி என்ற வரி எழுதப்படவில்லை. நம் புத்தகத்தில் அதுதான் முதல் வரி.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லிலும் ஒரு முயற்சி நடந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி மீனவக் குடும்பங்களைச் சீரழித்த பிறகு, உபாசனா என்ற ஆடை நிலையத்தை நடத்திய உமா பிரஜாபதி, மிச்சத் துணித் துண்டுகளில் விரல் நீளப் பொம்மை கட்ட மீனவப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார். சுனாமிகா என்று அதற்குப் பெயர். அந்தப் பொம்மையை விலைக்கு விற்பதில்லை, அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். பெற்றவர்கள் தரும் நன்கொடையிலிருந்து செய்த பெண்களுக்குக் கூலி போகிறது. கடலைப் பார்க்கவே அஞ்சிய பெண்களுக்குக் கையில் ஒரு வேலை கிடைத்தது பெரிய ஆறுதல். பொம்மைக்கு விலை இல்லாவிட்டாலும் பெண்ணின் கைக்குக் கூலி இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

தனியாள் தொழிலுக்கும் சங்கம் உண்டு

"அவரவர் வீட்டில் அவரவர் தைக்கிறோம். இதில் சங்கத்துக்கு என்ன வேலை? யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். இதே கேள்வியை இந்தியாவில் அரசாங்க அதிகாரிகளே கேட்டார்கள்.

ஆமதாபாத்தில் இலா பட் அம்மையார், வீட்டில் தைக்கிறவர்கள், தலைச்சுமைக்காரர்கள், தெருவில் காய்கறி விற்கிறவர்கள் ஆகியோரைச் சேர்த்துச் சேவா என்ற சங்கத்தைத் தொடங்கினார். "உங்களுக்கு முதலாளியே இல்லையே, எப்படித் தொழிற்சங்கமாகப் பதிவது?" என்று பதிவு அலுவலகம் தயங்கியது. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, தொழிலாளர் தம்முள் ஒன்றுபடுவதற்காகவும்தான் என்று வாதாடி, 1972இல் பதிவு பெற்றார்கள். துணி ஆலைகளின் கழிவுத் துண்டுகளை ஒட்டுப் போட்டு மெத்தை உறை தைக்கும் பெண்கள் அதில் இருந்தார்கள். தனித்தனியாகத் தைத்தவரை வியாபாரி சொன்னதுதான் கூலி. ஒன்றுசேர்ந்து பேசிய பிறகு, அவர்களே ஒரு கூட்டுறவும் அமைத்தார்கள். 1996இல் அனைத்துலகத் தொழில் நிறுவனம் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்று 177ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றதில் இத்தகைய பெண்களின் குரலுக்குப் பங்கு உண்டு.

நமக்கும் இது புதிதல்ல. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் வெட்டுகிறவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டமே வாங்க முடிந்தது. தோட்டம் வாங்கிய கைகளுக்கு நாலு தையல் இயந்திரம் வாங்க முடியாதா?

சட்டத்தோடு ஒத்துப் போவோம்

விற்பனை தொடங்கினால் சில காரியங்களை ஒளிக்காமல் செய்துவிட வேண்டும். வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. சந்தையில் இடம் போடுவதற்கு மாவட்ட மன்றத்தின் உரிமம் வேண்டும்.

குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கு 2009ஆம் ஆண்டின் பாதுகாப்புத் தர விதிகள் இந்நாட்டில் உண்டு. தரம் சோதித்து முத்திரை பெற்றால்தான் விளையாட்டுப் பொருளாக விற்கலாம். அலங்காரத்துக்கு வைக்கும் பொம்மையா, குழந்தை விளையாடும் பொம்மையா என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். ஆகவே முதல் பொம்மையை விற்குமுன் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். நம் கிராணிமார்கள் எழுதப் படிக்க உதவ வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் வரும் பொம்மைகளைப் பார்த்துத் தைக்கவும் வேண்டாம். அவை பிறருடைய உரிமை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கையில் தைத்ததற்கும் பொருந்தும்.

சொந்தமாகத் தைப்பவள் கையில் ஊசி ஏறினால், கண் கெட்டால் கேட்பாரில்லை என்ற பயமும் உண்டு. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 2022இல் நடப்புக்கு வந்த இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டமும் இருக்கின்றன. பின்னதற்குச் சந்தா ஆண்டுக்கு 120 வெள்ளி. யாருக்கு எது பொருந்தும் என்பதைச் சொக்சோ அலுவலகத்தில் கேட்டு, அந்தச் செலவையும் பொம்மையின் விலையில் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை

தோழர்களே, நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. "சம்பளம் போதவில்லையா? மனைவியைப் பொம்மை தைக்கச் சொல்" என்று நாளை ஒருவர் பேசினால், அவருக்கு என் பேச்சு ஆதாரம் ஆகக்கூடாது. கொழுந்து எடுப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் அவர்கள் வேலையிலேயே குடும்பம் நடத்தும் கூலி கிடைக்க வேண்டும். அந்தக் கோரிக்கையை ஒரு பொம்மையும் மறைத்துவிடக்கூடாது. மழைநாளில் பால் வெட்டு இல்லாதபோதும், இலையுதிர் காலத்தில் பால் குறையும்போதும், தையல் ஒரு கைத்துணை. கைத்துணையைக் காலாக எண்ணிவிடாதீர்கள்.

இந்தத் தொழிலில் எல்லோரும் பணம் காண்பார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். நான் ஒரு தடவை, பட்டணத்துக் கடை ஒன்றில், விற்ற பிறகு பணம் என்ற பேச்சில் முப்பது பொம்மை கொடுத்தேன். எழுத்து ஒன்றும் வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனபோது பன்னிரண்டு பொம்மை வெயிலில் வெளுத்துத் திரும்பி வந்தது. பதினெட்டுக்குப் பணமும் இல்லை, கணக்கும் இல்லை. அறுபது மணி நேர உழைப்பு! என் தாயாருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது அவர் தராசின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கிராணியார் எழுதிய எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். நான் தராசு இல்லாத இடத்தில் சரக்கைக் கொடுத்தேன்.

என் வேண்டுகோள்

ஆகவே வியாபாரிக்கு என்ன பதில் சொல்வது? மூன்று காரியம் கேட்கிறேன்.

முதலாவது, பதினைந்து வீட்டாரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டாம். ஒரே பதிலாகச் சொல்வோம்.

இரண்டாவது, அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு பொம்மையைக் கடிகாரம் பார்த்துத் தைத்து, நேரத்தைத் தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். பதினைந்து தாளையும் சேர்த்துப் பார்த்து நம் கூலியை நாமே முடிவு செய்வோம். அந்தக் கூலியை வியாபாரி கொடுத்தால், எழுத்தில் வாங்கிக்கொண்டு தைப்போம். அவரோடு நமக்குப் பகையில்லை.

மூன்றாவது, அவர் மறுத்தால், கூட்டாக ஒரு சிறு தொகை போட்டு, விடுமுறை நாட்களில் ஒரே ஒரு கடை போட்டுப் பார்ப்போம். நாற்பது பொம்மைக்கு மேல் முதலில் வேண்டாம். விற்றால் பெருக்குவோம். விற்காவிட்டால், நஷ்டம் பதினைந்து பேருக்குப் பகிர்ந்து சிறிதாகும்.

மாதிரிக்கு என் பொம்மையைக் கொண்டு வந்திருக்கிறேன். முதுகில் கூடை, தலையில் முக்காடு. இந்த மலையின் காட்டை அழித்துத் தேயிலை நட்ட காலத்தில் வந்த நம் பாட்டிமார்களை மனத்தில் வைத்துச் செய்தேன். இன்று அந்த வரிசைகளில் கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் பலர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். பாட்டியின் கூடை எத்தனை ராத்தல் பிடித்தது என்று சொல்லக்கூட இன்னும் சில ஆண்டுகளில் ஆள் இருக்காது. அவர் கூடையை நிறுத்தவர் வேறு ஒருவர். அந்த எண்ணை அவர் படித்தறியவும் முடிந்ததில்லை. அவர் உருவத்தைத் தைத்து விற்கும் பேத்திகளாவது, தாங்களே நிறுத்து, தாங்களே எழுதி, தாங்களே விலை சொல்ல வேண்டும்.

பொம்மையை எல்லோரும் கையில் வாங்கிப் பாருங்கள். தையலை இழுத்துப் பாருங்கள். குறை இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தாளும் பென்சிலும் வாசலில் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள்.